தகரப் பெட்டியில் பிழைத்தவை நான்கு

தொண்ணூறுகளில் கொழும்பில் பதிவுசெய்வித்து டயகமவுக்குக் கொண்டுசென்ற ஹெவி மெட்டல் ஒலிநாடாக்களை மீண்டும் கேட்டு மதிப்பெண் இட்டேன். அக்கரப்பத்தனைப் பக்கத்து ஈரப்பதனில் பூஞ்சணம் பிடிக்காமல் மிஞ்சியவை நான்கே.

ஜூடாஸ் பிரீஸ்ட், 'பிரிட்டிஷ் ஸ்டீல்' (1980): பத்துக்கு ஏழு. கரண்டித் தட்டைக் குலுக்கி இயந்திர நடையோசை எழுப்பியவர்கள்.

அயன் மெய்டன், 'த நம்பர் ஒஃப் த பீஸ்ட்' (1982): எட்டு. பற்றரி இறங்கினால் புரூஸ் டிக்கின்சனின் உச்சக்குரல் எருமைக்குரலாகிவிடும். அது அவர் குற்றமன்று.

மெட்டாலிக்கா, 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஓல்' (1988): ஆறு. 1986இல் சுவீடனில் பஸ் விபத்தில் இறந்த கிளிஃப் பர்ட்டனின் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். அவருடைய பேஸ் கிட்டார் செவியிலேயே விழாது. புதிதாய் வந்தவரின் உழைப்பை இப்படி அமுக்கலாமா?

பிளாக் சபத், 'மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி' (1971): பத்து. டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் வலக்கையின் இருவிரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். இடக்கைக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்துகொண்டார். இத்தொகுப்பின் சில பாடல்களுக்குத் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். விரல்களுக்கு இதம்; இசைக்கோ அதுவரை இல்லாத கனம். பற்றரி இறங்க இறங்க இது இன்னும் நன்றாக ஒலிக்கும்.

என் சித்தப்பா கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தபின் தப்பைத் தொட்டதில்லை. அயோமியின் கதையைச் சொல்லி இதைப் போட்டுக்காட்டினேன். "தப்பு மாதிரிதான் அடிக்கிறானுங்க" என்றார். மறுபக்கத்தையும் போடச் சொன்னார்.