ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சியின் மாடி அறை

சிவகாசி காலண்டர் படங்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர்தான் அந்த ஓவியரிடம் என்னை அனுப்பினார். கோவில்பட்டியில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடி அறை. எழுபதைத் தாண்டியவர். ஊருக்கு அவர் ‘ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி’.

இறந்துபோன மளிகைக் கடைக்காரர் ஒருவரின் படம் முடியும் தறுவாயில் இருந்தது. வீட்டார் கொடுத்தது வாக்காளர் அட்டைப் புகைப்படம். கேட்டதோ இரண்டடிக்கு மூன்றடி. கட்டம் போட்ட கண்ணாடித்தாளைப் புகைப்படத்தின் மேல் வைத்து, பலகையில் பெரிய கட்டங்கள் இழுத்து, ஒவ்வொரு கட்டமாக முகத்தை ஏற்றியிருந்தார். வண்ணம் கலக்கும் கணக்கை நீளமாக விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை.

பார்க்க வந்த மகன் சொன்னார்: “மூக்கு அப்பாவேதான், அண்ணாச்சி. உதடு மட்டும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வேணும்.”

“அவுக சிரிச்சு நான் பாத்ததே இல்லையே, தம்பி. கடன் பாக்கி அப்படி.”

சொல்லிக்கொண்டே தூரிகையை இரண்டு முறை இழுத்தார். மளிகைக் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு (1898–1976), சில காலம் ரமணாசிரமத்தில் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தபடி ஊர் சுற்றி, 1940களில் இங்கே தங்கினார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று ஒரு போட்டோ ஸ்டூடியோ, கூடவே டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய சீடர்கள். மீனாட்சி கல்யாணம் போன்ற அவருடைய படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டின் பூஜை அறைகளுக்குப் போயின. எந்தக் காட்சிக்கூடத்துக்கும் வராத கூட்டம் அந்தப் படங்களின் முன் தினமும் நின்றது.

அதே காலத்தில் சென்னையில் காற்று வேறு பக்கம் திரும்பியது. 1957இல் ஓவியப் பள்ளியின் பொறுப்புக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் ‘காலண்டர் ஆர்ட்’ என்பது மெல்ல ஒரு வசையாகிப்போனது. ஆளை ஆளாகவே வரைவது கைவேலை, கலை அல்ல என்ற நினைப்பு இன்றும் போகவில்லை. உதட்டில் இரண்டு கீற்றால் ஒரு மனிதரின் சுபாவத்தையே மாற்றுகிறவரைக் கைவேலைக்காரர் என்று ஒதுக்க என்னால் முடியாது.

அதற்காகச் சிற்றூர் ரசனையைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டியதில்லை. இங்கே வாடிக்கையாளர் வைத்ததுதான் சட்டம். சுருக்கம் கூடாது, நிறத்தை ஒரு படி ஏற்ற வேண்டும், கழுத்தில் இல்லாத சங்கிலியைப் போட வேண்டும். அண்ணாச்சியின் மேசை இழுப்பறையில் கரிசல்காட்டு வேலையாட்களின் முகங்கள் அடுக்காக இருக்கின்றன. கறுத்த, வெடித்த, நல்ல முகங்கள். ஒன்றுகூட விற்றதில்லை. சென்னைக்கு அவை பழைய பாணி, கோவில்பட்டிக்கு அழகில்லாதவை.

காசு விஷயத்துக்கு வந்தால் வயிறு எரிகிறது. இளவயதில் அவர் காலண்டருக்கு வரைந்த சாமி படங்களை ஏஜென்ட் ஒருவர் ஒரே தொகைக்கு வாங்கிப்போனார். வருடம் மாறியது, படம் மாறவில்லை. அச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு வந்த பதிப்புகளில் மூலையில் இருந்த கையெழுத்தையும் காணோம். தூரிகை பிடித்தவனுக்கு ஒரு நாள் கூலி, தூக்கிப்போனவனுக்கு ஆயுள் வருமானம்!

சட்டமும் இதற்குப் பாதி துணை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் 57ஆம் பிரிவு, உரிமை கைமாறிய பிறகும் ‘வரைந்தவன் நான்’ என்று கோரும் உரிமையை ஓவியரிடமே விட்டுவைத்திருக்கிறது. இந்த இரண்டாவது செய்தி மாடி அறைகளுக்கு வந்து சேரவே இல்லை.

அண்ணாச்சியின் பில் புத்தகத்தில் அளவு, தொகை, தேதி எல்லாம் உண்டு; உரிமை பற்றி ஒரு வரி கிடையாது. ஆர்டருக்கு வரைகிற ஒவ்வொருவரும் இனி ‘பதிப்புரிமை ஓவியருக்கே’ என்று எழுதி, கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.