மொரப்பூர் மெயில் வேன்

தருமபுரிக்காரர்களுக்குச் சென்னை மொரப்பூரில்தான் தொடங்கும். ஊருக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. சேலத்துக்கும் பெங்களூருக்கும் வண்டி உண்டு. ஆனாலும் சென்னை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, சுமார் முப்பது கிலோமீட்டர் கிழக்கே போய், மொரப்பூர் பிளாட்பாரத்தில் நிற்பதுதான் எங்கள் வழக்கம். நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில் ஆட்கள் மட்டுமல்ல, கடுதாசிகளும் அந்த வழியாகத்தான் வந்தன, போயின. அவற்றைச் சுமந்தது ஒரு சிவப்பு வேன்.

இப்போது என் வீட்டு மாடியில் அந்த மொரப்பூரைச் சின்ன அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். காலம் 1974. மின்கம்பிகள் இன்னும் வராத பாதை, கூம்பு மூக்கு வைத்த டபிள்யூ.பி. நீராவி இன்ஜின், கல் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, வெளியே புளியமரங்கள். மாதிரி ரயில் செய்கிறவர்கள் வழக்கமாக இன்ஜினிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் மெயில் வேனிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் ஊரைப் பொறுத்தவரை ரயிலின் கடைசிப் பெட்டி அதுதான். தண்டவாளம் இல்லாத அந்த முப்பது கிலோமீட்டரையும் ஓடி முடித்தால்தான் ரயில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கு.

தண்டவாளம் இல்லாத என்று எழுதும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொள்கிறது, ஏனென்றால் ஒரு காலத்தில் இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடியது. தானியம் இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வழியில்லாமல் ஜனங்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு பஞ்சம் தாங்கும் பாதைகள் என்று சிலவற்றைப் போட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் இன்னொன்று. சுமார் 18 மைல். 1913-ல் அது ஓசூர் வரைக்கும் நீண்டது. இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை. இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஞ்சத்துக்காக வந்தது போருக்காகப் போனது. அறுபதுகளில் மீட்டர்கேஜ் வந்து தருமபுரிக்கு மறுபடியும் ரயில் கிடைத்தது. மொரப்பூர்ப் பக்கம் மட்டும் அப்படியே விட்டுப்போயிற்று.

சிறு வயதில் பஸ் ஜன்னல் வழியாக ஆங்காங்கே ஒரு மண்மேடு தெரியும். வேலிக்காத்தான் மண்டி, மேலே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். பாட்டி அதைக் காட்டி, "அதாங்கண்ணு எங்க காலத்து ரயிலு" என்பாள். அதில் கேழ்வரகு மூட்டை வந்ததையும், தபால் வந்ததையும், ஏற்றத்தில் அது மூச்சு வாங்கியதையும் சொல்வாள். எனக்கு அந்த மேடு ரயிலை விடப் பெரிய அதிசயமாக இருந்தது.

என் வேலையில் அந்த மேடு ஒரு கணக்காகத் திரும்பி வந்தது. எச்.ஓ. என்று சொல்லும் 1:87 அளவில் உலகம் முழுக்கக் கிடைக்கிற தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். அது ஐரோப்பிய, அமெரிக்க நிலையான பாதைக்குப் பொருந்துவது. நம்முடைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். ஆகவே கடையில் வாங்கிய தண்டவாளத்தில் நம் ரயிலை நிறுத்தினால் கால் ஒடுங்கித்தான் தெரியும். நம் நாட்டில் பெரும்பாலானவர்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், நானும்தான். ஆனால் பெயர்த்தெடுக்கப்பட்ட தருமபுரிப் பாதையின் 762 மில்லிமீட்டரை அதே 87-ஆல் வகுத்தால் 8.76. கடையில் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் சுலபமாகக் கிடைக்கிறது. இருக்கிற பாதை பொருந்தவில்லை, இல்லாத பாதை மயிரிழை வித்தியாசத்தில் பொருந்துகிறது. 1974-க்கு அதைப் போட முடியாது. ஆகவே மண்மேட்டை மட்டும் சரியான அகலத்தில் எழுப்பி, மேலே முள்செடி வைத்திருக்கிறேன். அந்த மேட்டுக்குப் பக்கத்துத் தார் ரோட்டில்தான் வேன் வரும்.

பெரிய நகரங்களில் தபால் துறைக்குச் சொந்த வண்டிகள் இருந்தன. எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பாதி மூட்டை பஸ் கூரையில் வரும், மீதி குத்தகை வண்டியில். எங்கள் குத்தகை வண்டி ஒரு மெட்டடோர். புனேயில் பஜாஜ் டெம்போ கம்பெனி செய்தது. அதன் இன்ஜினும் இழுவையும் முன்சக்கரத்தில். பின்னால் ஓடுகிற தண்டு கிடையாது என்பதால் பின்தளம் தாழ்ந்திருக்கும். தோளிலிருந்து மூட்டையைச் சரித்தாலே உள்ளே போய்விடும். ராத்திரி வண்டி மொரப்பூரில் நிற்கும் சில நிமிஷத்துக்குள் இறக்கி, ஏற்றி, கையெழுத்து வாங்கி முடிக்க வேண்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதை இப்போது உணர்கிறேன்.

அந்தச் சில நிமிஷங்கள்தான் நான் கட்ட நினைப்பது. ரயிலில் ஆர்.எம்.எஸ். பெட்டி ஒன்று வரும். உள்ளே விளக்கு எரிய, ஓடும் வண்டியில் நின்றுகொண்டே கடிதங்களைப் பிரித்து அறை அறையாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துவாரம். தாமதக் கட்டணத்துக்குக் கூடுதல் ஸ்டாம்பு ஒட்டி அங்கேயே கடிதத்தைப் போடலாம். கதவு திறந்ததும் மூட்டைகள் விழும் சத்தம், "தருமபுரி! அரூர்! கம்பைநல்லூர்!" என்று கூப்பிடும் குரல், லாந்தர் வெளிச்சத்தில் பட்டியலைச் சரிபார்க்கும் விரல். பிறகு வேன் கதவில் பூட்டு. விடிவதற்குள் தருமபுரி, அங்கிருந்து பென்னாகரம், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்களின் மணியார்டருக்குக் காத்திருந்த வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். மழை பொய்த்த வருஷங்களில் அந்த ஐம்பது ரூபாயில்தான் களி கிண்டினார்கள்.

அந்த வேனைக் கடையில் வாங்க முடியாது. பிரிட்டனின் சிவப்பு ராயல் மெயில் வேன் வேண்டுமா, ஆக்ஸ்ஃபோர்டு டைகாஸ்ட் 1:76-ல் விதவிதமாக விற்கிறது. ஜெர்மனியின் மஞ்சள் தபால் வண்டியை விக்கிங் கம்பெனி 1:87-ல் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. அவர்கள் தங்கள் தபால் வண்டியை ஆண்டு வாரியாக, வண்ணம் வாரியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில் காட்சியகத்தைப் பார்த்தபோது, நம் நாட்டிலும் ஒரு மனிதர் ஒரு முழு ஊரையே ரயிலோடு செய்து ஓட விட முடிந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது. மொரப்பூர் வேனை மட்டும் நாமேதான் செய்ய வேண்டும்.

அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் பக்கங்களை வெட்டினேன். மெட்டடோரின் முகம் தட்டையாகத் தெரியும், உண்மையில் லேசான வளைவு உண்டு; அதை வரவழைக்கப் பட்டி பார்த்து, ஈர உப்புத்தாளில் தேய்த்து, மறுபடியும் பட்டி. பின் ஜன்னலின் கம்பி வலைக்குப் பழைய டீ வடிகட்டியின் வலை பொருந்தியது. சக்கரங்கள் ஒரு விக்கிங் வண்டியிலிருந்து கழற்றியவை.

சிவப்புதான் கஷ்டம். டப்பாவிலிருந்து எடுத்த சிவப்பு தீயணைப்பு வண்டி மாதிரி கத்தும். எங்கள் வேன் வெயிலில் வெளுத்த சிவப்பு, கூரையில் ரோஜா நிறத்துக்கே வந்துவிட்டது. சக்கர வளைவுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் படிந்து, உடம்பு எது மண் எது என்று பிரியாது. வர்ணம் காய்ந்த பின் செங்கல்லை அரைத்த தூளைத் தூரிகையால் கீழிருந்து மேலாக ஒற்றினேன். அப்போதுதான் அது தருமபுரி வண்டி ஆயிற்று.

மூட்டைகளுக்கு டிஷ்யூ காகிதம், பசை, டிகாக்‌ஷன் சாயம். கழுத்தில் நூல் கட்டி, ஊசி முனையால் அரக்கு முத்திரைக்கு ஒரு சிவப்புப் புள்ளி. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்துவிட்டது. ஆகவே மூட்டைச் சீட்டில் எண் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தருமபுரி 636701, மொரப்பூர் 635305. முப்பது கிலோமீட்டருக்குள் முதல் மூன்று எண்ணே மாறிவிடுகிறது, ஏனென்றால் அந்த மூன்று எண் கடிதம் பிரிபடும் வட்டாரத்தைக் குறிப்பது. பூதக்கண்ணாடி வைத்தாலும் யாருக்கும் படிக்க வராது. எழுதியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் வேன் ஓட்டிய அண்ணன் ஒருவர் அரூர்ப் பக்கம் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். முடித்த வண்டியை அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் திருப்பிப் பார்த்தார்.

"பூட்டு எங்கப்பா தொங்கும், ஞாபகம் இருக்கா?"

"பின்கதவுலங்கண்ணா. வலது பக்கம்."

"ஆமா. சாவி என்கிட்ட இருக்காது, தெரியுமில்ல? ஒண்ணு மொரப்பூர்ல, ஒண்ணு தருமபுரில. நடுவுல வண்டி எரிஞ்சாக்கூட நான் தெறக்க முடியாது. ஆனா ஒரு பை கொறைஞ்சா மொதல்ல என்னைத்தான் கேப்பாங்க."

சாவி இல்லாமல் ஊரார் பணத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் சாவுச் செய்தியையும் ராத்திரி ராத்திரியாகச் சுமந்த மனுஷர். டிரைவர் இருக்கையில் வைத்த பொம்மைக்கு அவருடைய தோள் துண்டைப் போட்டேன், பச்சைக் கரை.

மொரப்பூர்–தருமபுரி ரயில்பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், 36 கிலோமீட்டர். அது வர வேண்டும் என்று எங்கள் ஊரில் ஆசைப்படாதவர் இல்லை. வந்தால் இரண்டு பாதைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த ரோட்டில் ஓடிய வண்டிகளை யாரும் நினைக்கப் போவதில்லை. இப்போதே ஒரு படம் கிடைப்பது அரிதாக இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் படம் எடுத்தார்கள், மெயில் வேனுக்கு யார் எடுப்பார்கள்? ஆனால் அந்தப் படங்களின் ஓரத்தில் அது நின்றிருக்கும். தருமபுரி, அரூர், பாலக்கோடு வீடுகளில் பழைய ஆல்பம் வைத்திருப்பவர்கள், மாப்பிள்ளை அழைப்பின் பின்னால் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வண்டியின் இடது பக்கம் என்ன எழுதியிருந்தது என்பது அந்த அண்ணனுக்கும் மறந்துவிட்டது. அந்தப் பக்கத்தை எழுத்தில்லாமல் விட்டு வைத்திருக்கிறேன்.