மலையேறிய ட்ரெயிலர்

யாழ்ப்பாணத்துச் சமதரையிலே பிறந்து வளர்ந்தவனுக்கு மேட்டின் கொடுமை எளிதில் விளங்குவதில்லை. சிறுவயதிலே கண்டிக்குப் போகும்போது, கடுகண்ணாவை ஏற்றத்தில் எங்கள் பழைய மொறிஸ் மைனர் ஆவி கக்கி நிற்பதும், தந்தையார் இறங்கி றேடியேற்றருக்குத் தண்ணீர் வார்ப்பதும் எனக்கு வேடிக்கையாகவே இருந்தன. அவர் பட்ட கவலையை நான் அறிந்துகொண்டது 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கனடாவின் மேற்குக் கரையிலே.

வான்கூவருக்கு அண்மையில் குடியிருக்கும் நாங்கள், படுக்கையும் அடுப்பும் அமைந்த ட்ரெயிலர் ஒன்றை வாங்கி, எங்கள் எஸ்.யூ.வி. காரின் பின்னே பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஹோப் என்னும் ஊரிலிருந்து மெரிற் நகருக்குச் செல்லும் கோகஹால்லா நெடுஞ்சாலை ஏறக்குறையக் கடல்மட்டத்திலே தொடங்கி, அறுபது கிலோமீற்றருக்குள் 1,244 மீற்றர் உயரத்தை எட்டிவிடுகின்றது. நம் பண்டாரவளையின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிக்குச் சற்று முன்னே, கியர்ப்பெட்டி சூடேறிவிட்டதென்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரத்தில் நிறுத்தினேன். அந்திநேரம், பாரலொறிகள் ஒவ்வொன்றும் கடக்கும்போது கார் ஆடியது. பின்னாசனத்தில் மகள் விழித்து, "அப்பா, என்ன?" என்றாள். "ஒன்றுமில்லை" என்றேன். ஒருமணி நேரத்துக்கு மேல் அந்தப் பொய்யோடு அங்கே காத்திருந்தோம்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக, கிடைப்பவற்றுள் மிகப்பெரிய எண்ணெய்க் குளிராக்கியை, அதாவது கூலரை, வாங்கத் தீர்மானித்தேன். மோட்டார் மெக்கானிக்காகிய என் மைத்துனன் தடுத்தான்.

"அத்தான், பாரம் எவ்வளவு எண்டு தெரியாமல் கூலர் வாங்கிறது, காலை அளக்காமல் சப்பாத்து வாங்கிறது மாதிரி."

அவன் சொல்லித்தான் சூட்டின் காரணம் எனக்கு விளங்கிற்று. ஒட்டோமற்றிக் காரிலே எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டுசெல்வது எண்ணெய். எதிரெதிராக அமைந்த இரண்டு விசிறிகளில் ஒன்று சுழல, அது தள்ளும் எண்ணெய் மற்றையதைச் சுழற்றும். சமதரையில் வேகம் பிடித்ததும் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும்; அப்போது சூடு குறைவு. பாரத்தோடு மேடேறும்போதோ பூட்டுக் கழன்று, ஒன்று விரைவாகவும் மற்றையது மெதுவாகவும் சுழல, இடையிலே அகப்பட்ட எண்ணெய் கடையப்பட்டுக் காய்ந்துவிடுகின்றது. எண்பது, தொண்ணூறு பாகை செல்சியஸ் அதற்குச் சுகமான நிலை. நூற்றிருபதைத் தாண்டி நெடுநேரம் ஓடினால் சிவந்த எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசும். அப்புறம் கியர்ப்பெட்டிக்கே ஆயுள் குறைவு.

ஆகவே கடைக்குப் போகுமுன் நிறுவை மேடைக்குப் போனோம். விற்பனைத் தாளில் 1,500 கிலோ என்றிருந்த ட்ரெயிலர், பயணத்துக்குரிய சாமான்களோடு 1,960 கிலோ காட்டியது. நான் மனைவியின் சட்டி பானைகளையும் அரிசி மூட்டையையும் ஒரு பார்வை பார்த்தேன். எல்லாவற்றையும் இறக்கி மறுபடி நிறுத்தபோது குறைந்தது 60 கிலோதான். "நல்ல தண்ணீர் வழியில் கிடையாது" என்று நானே விளிம்புவரை நிரப்பிய தாங்கியில் இருந்ததோ 150 லீற்றர். அத்தனையும் கிலோக் கணக்கில். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கூலரில் இரண்டு வகையை மைத்துனன் காட்டினான். வளைந்து வளைந்து செல்லும் ஒரே குழாயில் மெல்லிய தகடுகள் செருகியது ஒன்று; விலை குறைவு, சிறுபாரத்துக்குப் போதும். தட்டுகளை அடுக்கியதுபோல் அமைந்தது மற்றையது. அதே அளவிலே கூடுதலாகக் குளிர்விக்கும். மாரிகாலத்துக் குளிரில் தடித்துப்போன எண்ணெயையும் தடையின்றிச் செல்லவிடும். பனி பெய்யும் நாட்டில் எண்ணெய் அளவுக்கு மிஞ்சிக் குளிர்வதும் கேடே. ஆதலால் தட்டடுக்கு வகையிலே எங்கள் பாரத்துக்கு ஏற்ற நடுத்தர அளவொன்றையும், சூடேறிய பின்னரே எண்ணெயைக் கூலருக்கு அனுப்பும் வெப்பக் கதவொன்றையும் வாங்கினோம். காரோடு வந்த பழைய ஒழுங்கை அவன் அகற்றவில்லை. எண்ணெய் முதலில் றேடியேற்றருக்குள் இருக்கும் குளிராக்கிக்குச் சென்று, பின்னர் முன்புறத்திலே காற்றுப்படும்படி பொருத்திய புதியதற்கு வந்து, கியர்ப்பெட்டிக்குத் திரும்புமாறு இணைத்தான்.

முடித்துவிட்டு, "இது இழுவைச் சக்தியைக் கூட்டாது, அத்தான். கார்ப் புத்தகத்தில் போட்டிருக்கிற நிறைதான் எல்லை" என்றான். பெரிய கூலர் வாங்கினால் இன்னும் பெரிய ட்ரெயிலர் வாங்கலாமென்று நான் உள்ளூர எண்ணியிருந்தது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ!

அடுத்த கோடையில் அதே பாதையால் போனோம். தாங்கி வெறுமை, இழுவைக்குரிய நிலையில் கியர், வேகமும் குறைவு. எண்ணெயின் சூட்டைக் காட்டும் சிறு கருவியை மகள் கையில் வைத்துக்கொண்டு உரக்க வாசித்து வந்தாள். முன்பு நின்ற இடத்தைத் தாண்டும்போது 97 என்றாள். உச்சியிலும் 102க்கு மேலே ஏறவில்லை.

மெரிற் நகரத்து முகாமிலே தண்ணீர்க் குழாயருகில் ட்ரெயிலரை நிறுத்தினேன். மனைவி ஒரு வருடமாக வைத்திருந்த சொல்லை அப்போதுதான் எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இனி நிரப்புங்கோ."