உப்பனாற்றில் பேட்டரிப் படகு: கிள்ளை வாசகருக்கு ஒரு பதில்

கிள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அரை ஏக்கர் நெல், மற்ற நாட்களில் சிறு ஃபைபர் வள்ளத்தில் நண்டும் இறாலும். தோள்வலியால் துடுப்புப் போட முடியவில்லை. பேட்டரி மோட்டார் வாங்க வட்டிக்குப் பணம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். நாற்காலியில் இருந்தபடி பதில் எழுத மனம் வரவில்லை.

கடலூர் முதுநகரில் நண்பர் ஒருவர் கயாக் வைத்திருக்கிறார். ஒடுங்கிய சிறு படகு அது. தூண்டில் போட்டுக் கொடுவா பிடிக்க அதில் மின் மோட்டார் பொருத்தியிருக்கிறார். குழாயின் அடியில், தண்ணீருக்குள் மோட்டாரும் விசிறியும், மேலே கைப்பிடி, பக்கத்தில் 12 வோல்ட் பேட்டரி. விடியற்காலை உப்பனாற்றில் இறங்கினோம். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. தண்ணீர் வற்றும் நேரம், நீரோட்டத்தோடு சுகமாகப் போனோம். திரும்பும்போது நீரோட்டமும் காற்றும் எதிர்த்தன. பாதி வழியில் மோட்டார் நின்றுவிட்டது. பிறகு துடுப்புதான் கரை சேர்த்தது.

காரணம் எளிது. நண்பர் போட்டிருந்தது டிராக்டர் பேட்டரி. வண்டியைக் கிளப்ப ஒரு நொடி வேகமாக மின்சாரம் தரத்தான் அது செய்யப்பட்டது. மணிக்கணக்கில் ஓட இன்வெர்ட்டருக்குப் போடும் வகை பேட்டரி வேண்டும். அதையும் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் குறையும். ஆக 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் நம் கைக்கு வருவது 50தான். 30 பவுண்டு தள்ளுவிசை மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 55 பவுண்டு மோட்டார் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். ஒரு மணி நேரம்தான். மெதுவாக 10 ஆம்பியரில் ஓட்டினால் ஐந்து மணி நேரம் வரும். படகின் வேகம் கொஞ்சம் கூடினாலும் மின்செலவு பல மடங்கு ஏறும்.

சார்ஜ் செய்ய ஒரு யூனிட் போதும். செலவு மின்சாரத்தில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. ஈய பேட்டரி 30 கிலோவைத் தாண்டும். லித்தியம் அதில் பாதிகூட வராது, ஆனால் விலை அதிகம்.

அன்று மாலையே சிதம்பரம் போய், கிள்ளை வழியாகப் பிச்சாவரம் சேர்ந்தேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. சுரபுன்னை, வெண்கண்டல், சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் எல்லாம் இங்கே நிற்கின்றன. 2004 சுனாமியில் இந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. இறால் குஞ்சு வளரும் தொட்டிலும் இதுவே. எண்ணெய் கசியாத மோட்டார் இதற்கு நல்லதுதான். ஆனால் கால்வாய் ஆழமில்லாத இடங்களில் விசிறி சேற்றைக் கலக்கும். வேரும் கிழிந்த வலையும் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு கை வையுங்கள். இது காப்புக்காடு. வனத்துறையைக் கேட்காமல் உள்ளே மோட்டார் ஓட்ட வேண்டாம்.

கேரளாவில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் 75 பேர் ஏறும் சூரியசக்திப் படகு ஓடுகிறது. ஆகவே மின்படகு விளையாட்டுப் பொருள் இல்லை. ஆனால் அங்கே தினமும் ஆள் ஏறி, தினமும் வரும்படி உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வட்டிக்கு வாங்க வேண்டாம். உங்களுக்கு இப்போது எரிபொருள் செலவே இல்லை. மோட்டார் அதை மிச்சப்படுத்தாது. கூடுதல் நண்டும் தானாக வராது. தோள்வலியால் எத்தனை நாள் தொழில் போகிறது, அதில் எவ்வளவு வரும்படி நட்டம் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். தெரிந்தவரிடம் மோட்டாரை இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் கைக்காசில் சிறியதாக வாங்குங்கள். பேட்டரி அருகில் ஃபியூஸ் போடுங்கள். உப்புத் தண்ணீரில் ஓட்டிய பின் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு ஆபத்துக்கு என்று சார்ஜை வைத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தோளை ஒரு மருத்துவரிடம் காட்டுவது மோட்டாருக்கும் முந்திய செலவு.