கணுக்காலைப் பார்த்து

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது பங்குனி உத்திரத்துக்கு 12 நாள்தான் இருந்தது. நையாண்டி மேளக்காரனுக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரைதான் காசு. அந்த வருஷக் கோயில் கொடைகள் அத்தனையும் போயின. அடுத்த கோடையும் போனது. இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுரு, தாளம் என ஏழு பேர் செட் எங்களுடையது. பம்பைக்காரர் புளியரை தாண்டி ரப்பர் வெட்டப் போனார். தாளக்காரத் தம்பி ஆட்டோ எடுத்தான். நான் தவிலை உறைபோட்டுப் பரணில் ஏற்றினேன். 2022-இல் கொடைகள் திரும்பியும் நாங்கள் சேரவில்லை. சம்பளம் பிரிப்பதில் ஒரு பழைய மனத்தாங்கல், அதை விடுங்கள்.

ஸ்வீடனின் ‘அப்பா’ குழு 40 வருஷம் கழித்து 2021-இல் புது ஆல்பம் போட்டதைச் சொல்லித்தான் மருமகன் எங்களைக் கிளப்பினான். “நீங்க மூணு வருஷந்தான மாமா சும்மா இருந்திய?”

ஒலிப்பதிவு செய்ய அச்சன்புதூரில் ஒரு பழைய நெல் குடோன் கிடைத்தது. ஆனி மாதம், மேக்கரை மலை தெரியாத மேகம். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரல் சுகம், தோலுக்கு ஆகாது. என் தவில் இரும்பு வளையமும் போல்ட்டும் போட்டது. ஸ்பானரால் முறுக்கி வலந்தலையைச் சுதிக்கு ஏற்றினால் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். பம்பைக்கு அந்த வசதியும் இல்லை. பம்பைக்காரர் தாழ்வாரத்தில் தென்னோலை கொளுத்திக் காய்ச்சிக்கொண்டே இருந்தார். விரலுக்குக் கூடும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. துணியைக் கீறிப் பசை தடவி விரலில் சுற்றிக் காயவிட்டேன். விரல் மெலிந்திருந்ததால் பழைய கூடு கழன்று விழுந்தது.

ஒலிப்பதிவுக்கு வந்த தம்பி ஹெட்போனை மாட்டிவிட்டு, “உள்ள கிளிக் ஓடும், அதைவிட்டு விலகாம வாசிங்க” என்றார். இரண்டு தடவை வாசித்தோம். பிழை இல்லை, உயிரும் இல்லை. எங்கள் மேளத்தில் காலம் ஒரே இடத்தில் நிற்காது. கரகம் ஆடுகிறவள் வளைந்து கண்ணிமையால் ஊசி எடுக்கும்போது மேளம் அடங்கி, தமுரு மட்டும் பொடிப்பொடியாக உருளும். அவள் நிமிரும்போது இரண்டு தவிலும் சேர்ந்து விழ வேண்டும். எப்போது நிமிர்வாள் என்பதற்குக் கணக்குக் கிடையாது. கணுக்காலைப் பார்க்க வேண்டும். எழும் முன்னால் அது ஒரு சுண்டு சுண்டும். மூன்று வருஷத்தில் சொல்லுக்கட்டு ஒன்றும் மறக்கவில்லை. எங்கே பார்ப்பது என்பதுதான் மறந்திருந்தது. குடோனில் சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

வடகரையிலிருந்து எங்கள் கரகக்கார அக்காவை ஆட்டோவில் அழைத்து வந்தோம். “சத்தம் மட்டும் பிடிக்கதுக்கு நான் எதுக்குடே?” என்று சிரித்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தோம். முதல் தடவை அவள் சலங்கை எல்லா மைக்கிலும் விழுந்தது. தம்பி தலையில் கைவைத்தார். அவளே அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குடத்தை ஏற்றி, வெறுங்காலோடு நின்றாள்.

அவள் வளைந்தாள். தமுரு உருண்டது. வலது கணுக்கால் சுண்டியது. பக்கத்துத் தவில்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை; இரண்டு பேர் கையும் ஒன்றாக விழுந்தது எனக்கு நெஞ்சில் தெரிந்தது. காலம் அங்கிருந்து ஏறி, அப்புறம் யாரும் பிடிக்கவில்லை.

மூத்த நாகசுரக்காரர் சீவாளியைக் கழற்றித் துடைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே அக்கா, “அடுத்தது காவடியா?” என்றாள். நான் ஸ்பானரைத் தேடினேன். தோல் மறுபடி இறங்கியிருந்தது.