மேட்டூருக்கு ஓர் இன்பச் செலவு

இன்பச் செலவு மேற்கொள்வார் நாளும் வண்டியும் குறித்தல் மட்டும் போதாது; செல்லுமிடத்தின் இயல்பையும் முன்னரே அறிதல் வேண்டும். சேலம் மாவட்டத்து மேட்டூர் அணை இதற்குத் தக்க சான்றாகும்.

காவிரியின் குறுக்கே 1925-ஆம் ஆண்டில் தொடங்கிய அணைப்பணி 1934-இல் நிறைவுற்றது. அக்காலச் சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் அந்நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. அன்றாட நீர்மட்டத்தைச் செய்தித்தாள்கள் வெளியிடும். புறப்படுமுன் அதனை நோக்குதல் நன்று.

அணை நிரம்பிய நாளில் மிகைநீர் பதினாறு கண் மதகின் வழியே வெண்ணுரை பொங்கப் பாயும். அக்காட்சி கண்ணுக்கு விருந்தாம். ஆயினும், அந்நாளில் ஆற்றில் இறங்குதல் உயிருக்கு ஊறு. மதகு திறக்கப்படின், முழங்காலளவு நீர் சிறிது பொழுதில் ஆளை அடித்துச் செல்லும் வெள்ளமாகும்.

நீர் வற்றிய நாளில் செல்வோரும் வருந்த வேண்டுவதில்லை. அப்பொழுது தேக்கத்தின் பண்ணவாடிப் பகுதியில் நந்திச் சிலையும் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரமும் நீரினின்று வெளிப்படும். அவை, அணைக்காகத் தம் ஊர்விட்டு அகன்ற மக்கள் வழிபட்ட இடங்கள். தஞ்சைக் கழனிகளில் நெல் விளைய, இங்குச் சிற்றூர்கள் நீரில் மூழ்கின.

அணைப் பூங்காவில் கட்டுச்சோறு உண்டு களித்தல் தகும். உண்ட இலையை நீரில் எறிதல் தகாது. அந்நீர் உழவர் பயிருக்கும் ஊரார் பருகுதற்கும் உரியது. பலர் தம் வீடும் நிலமும் ஈந்தமையால் தேங்கியது. இதனை உணர்ந்து செல்வோர்க்கே அச்செலவு இன்பமும் பயனும் ஒருங்கே தரும்.