மலை ஏறினா மனசு இறங்குமா?

சேலத்தில் சங்ககிரி வழி பஸ் பிடிச்சு ஜன்னல் சீட்டைப் போட்டுடுங்க. வானம் பார்த்த மேட்டுக்காடு, பனைமரம், பட்டிகளில் ஆடு. திருச்செங்கோடு நெருங்கினா வரிசை கட்டி நிற்கும் ரிக் லாரிகள். ஊருக்கு மேலே சிவந்த பாறை மலை. உச்சியில் அர்த்தநாரீசுவரர். பாதி ஆண், பாதி பெண்!

பெருமாள்முருகன் 2010-ல் எழுதின 'மாதொருபாகன்' நாவல் நடக்கிறது இந்த ஊரில்தான். சுதந்திரத்துக்கு முந்தின கதை. காளி, பொன்னா... கல்யாணமாகி 12 வருஷம். குழந்தை இல்லை. காதலுக்குக் குறைச்சலும் இல்லை. ஆனா ஊர் வாய் சும்மா இருக்குமா?

தேர்த்திருவிழாவின் கடைசி ராத்திரி. அன்னிக்கு வர்ற ஆண்களெல்லாம் சாமி. அப்படிப் பிள்ளை வரம் வாங்கிக்கட்டும்னு இரண்டு வீட்டிலும் முடிவு பண்றாங்க. காளிக்குத் துளியும் இஷ்டமில்லை. அவன் சம்மதிச்சுட்டதா பொய் சொல்லி பொன்னாவை அனுப்புறது அவளோட அண்ணன். விஷயம் தெரிஞ்சு காளி நொறுங்கிப்போறதோட நாவல் முடியுது.

மன்னிச்சானா? பெருமாள்முருகன் 2014-ல் இரண்டு பதில் எழுதினார். 'ஆலவாயன்' கதையில் காளி உயிரோடு இல்லை. 'அர்த்தநாரி'யில் இருக்கான். ஆனா பொன்னாகிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறான்.

இதில் ஒரு விஷயம் உறுத்துது பாஸ். கல்யாணத்துக்கு முன்னாடி அதே திருவிழா ராத்திரிக்குக் காளியும் போனவன்தானே? தாமஸ் ஹார்டியோட 'டெஸ்' (1891) நாவலிலும் இதே கூத்துதான். ஏஞ்சல் தன் பழைய தப்பைச் சொல்றான், டெஸ் மன்னிக்கிறா. அவ தனக்கு நடந்ததைச் சொன்னதும் அவன் விட்டுட்டுப் போயிடறான். இங்கிலாந்துப் பால்பண்ணையோ, கொங்குத் தொண்டுப்பட்டியோ, ஆம்பளை கணக்கு ஒண்ணுதான்!

நாவலையும் ஊர் லேசில் மன்னிக்கலை. எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தை விடுறதா அறிவிச்சார் பெருமாள்முருகன். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்ன பிறகுதான் எழுத்துலகத்துக்குத் திரும்பி வந்தார்.

மலைப் பாதையில் அறுபதாம் படின்னு ஒரு இடம் இருக்கு. அங்கே நின்னு சத்தியம் பண்ணினா பொய் வராதுங்கறது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ஏறும்போது கொஞ்சம் நின்னு மூச்சு வாங்குங்க. உங்க ஆளோட பழைய கதையைக் கேட்க ஆசையா? முதல்ல உங்க கதையை அங்கே நின்னு சொல்ல முடியுமான்னு பாருங்க.

மேலே இருக்கிற சாமி உடம்பையே பாதி கொடுத்தவர். நாம நியாயத்திலாவது பாதி கொடுக்கலாமே!